மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் ஆட்ட வாழ்க்கை

செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா 1973இல் உலகச் சுற்றுப் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். கடைசிப் பட்டத்தை 2006இல் வென்றார். 167 ஒற்றையர் பட்டங்களும் 177 இரட்டையர் பட்டங்களும் அவர் கணக்கில் உள்ளன. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பெரும் போட்டிகள் திறந்துவிடப்பட்ட 1968க்குப் பிறகு, ஆண்களிலோ பெண்களிலோ வேறு எவரும் இந்த எண்ணிக்கைகளை எட்டவில்லை. பெண்கள் டென்னிஸ் ஒரு முழுநேரத் தொழிலாக உருப்பெற்ற காலமும் இவருடைய ஆட்டக் காலமும் ஒன்றே. பெண்கள் டென்னிஸ் சங்கம் 1973இல்தான் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் முயற்சியால் லண்டனில் அமைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசுத்தொகை என்ற முறையை அமெரிக்க ஓபன் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான்.

பிறப்பும் தொடக்கப் பயிற்சியும்

நவ்ரத்திலோவா 1956 அக்டோபர் 18 அன்று பிராக் நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். தாய் யானா, மகளுடன் பிராக்கை அடுத்த ரெவ்னீட்சே என்ற சிற்றூருக்குக் குடிபோனார். டென்னிஸ் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. தாய்வழிப் பாட்டி இரண்டாம் உலகப் போருக்கு முன் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர்களுக்குச் சொந்தமாக நிலமும் ஒரு டென்னிஸ் களமும் இருந்தன. 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் நிலம் பறிமுதலானது. யானா 1962இல் மிரோஸ்லாவ் நவ்ராத்தில் என்பவரை மணந்தார். சிறுமியின் பெயர் நவ்ரத்திலோவா ஆனது அவரால்தான். முதலில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

ஒன்பது வயதில் பிராக்கின் கிளாமோவ்கா பூங்காவில் இருந்த மன்றத்தில் ஜார்ஜ் பார்மாவிடம் பயிற்சி தொடங்கியது. முன்னாள் ஆட்டக்காரரான பார்மா, அதுவரை இரு கைகளாலும் பேக்ஹேண்ட் அடித்துவந்த இடக்கைச் சிறுமியை ஒரு கையால் அடிக்கப் பழக்கினார். கை நீளும் தூரம் கூடியதால் வலையருகே பந்தை மறிப்பது எளிதானது. பிற்காலத்தில் அவர் அடையாளமாகவே ஆகிவிட்ட வலையோர ஆட்டத்துக்கு இங்கேதான் அடித்தளம் விழுந்தது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா உடன்படிக்கைப் படைகள் நாட்டுக்குள் நுழைந்தபோது பார்மா வெளிநாட்டில் இருந்தார். அவர் திரும்பி வரவில்லை. பயிற்சிப் பொறுப்பு மறுபடியும் வளர்ப்புத் தந்தையிடம் வந்தது. 1972இல், 15 வயதில், நவ்ரத்திலோவா செக்கோஸ்லோவாகிய தேசியப் பட்டத்தை வென்றார்.

உலகச் சுற்றில் முதல் ஆண்டுகள்

தேசியப் பட்டம் வெளிநாட்டுப் பயணத்துக்கு வழி திறந்தது. 1973 தொடக்கத்தில் 16 வயது நவ்ரத்திலோவா அமெரிக்கச் சுற்றில் ஆடினார். அந்த மார்ச்சில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் அமெரிக்க வீராங்கனை கிறிஸ் எவர்ட்டை முதன்முறையாக எதிர்கொண்டு 7-6, 6-3 எனத் தோற்றார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனில் காலிறுதி வரை சென்றார். 1974இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் முதல் ஒற்றையர் பட்டமும், கொலம்பியாவின் இவான் மோலினாவுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டமும் கிடைத்தன. இரண்டாவதுதான் அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம் வெற்றி.

1975இல் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஈவான் கூலகாங்கிடமும் பிரெஞ்சு ஓபன் இறுதியில் எவர்ட்டிடமும் தோற்றார். எவர்ட்டுடன் சேர்ந்து பிரெஞ்சு ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றார். பிரான்ஸின் எக்ஸ் நகரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையைச் செக்கோஸ்லோவாகியா வென்றபோதும் அணியில் இருந்தார்.

நாடு துறப்பு

ஆட்டம் வளர வளரத் தாய்நாட்டு விளையாட்டு அதிகாரிகளுடன் உரசல் கூடியது. எந்தப் போட்டிக்குப் போகலாம், எத்தனை நாள் தங்கலாம், யாருடன் பழகலாம் என்பவற்றை நாட்டின் டென்னிஸ் கூட்டமைப்பு முடிவு செய்தது. பரிசுப் பணத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அவர் அமெரிக்கப் பழக்கங்களுக்கு அடிமையாகிவிட்டார் என்ற குறையும் எழுந்தது. 1975 அமெரிக்க ஓபனுக்கான பயண அனுமதியே இழுபறிக்குப் பிறகுதான் வந்தது. அந்தப் போட்டியின் அரையிறுதியில் எவர்ட்டிடம் தோற்ற 18 வயது நவ்ரத்திலோவா, நியூயார்க்கில் குடிவரவுத் துறை அலுவலகத்துக்குச் சென்று அரசியல் புகலிடம் கோரினார். ஒரு மாதத்துக்குள் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது.

இதற்கு அவர் கொடுத்த விலை அதிகம். பெற்றோரையும் தங்கையையும் பல ஆண்டுகள் பார்க்க முடியவில்லை. அவருடைய வெற்றிகள் செக்கோஸ்லோவாகியப் பத்திரிகைகளில் இடம்பெறாமல் போயின. புதிய நாட்டின் உணவுப் பழக்கம் எடையை ஏற்றியது. தனிமை ஆட்டத்தைக் குலைத்தது. 1976 அமெரிக்க ஓபனில் ஜேனட் நியூபெரியிடம் முதல் சுற்றிலேயே தோற்று, களத்திலேயே கண்ணீர் விட்டார். அந்தக் காலத்தில் டல்லாஸில் அவருக்குத் துணையாக நின்று வாழ்வை ஒழுங்குக்குக் கொண்டுவர உதவியவர் கோல்ஃப் வீராங்கனை சாண்ட்ரா ஹெய்னி.

முதல் விம்பிள்டன் பட்டங்கள்

1978 விம்பிள்டன் இறுதியில் எவர்ட்டை 2-6, 6-4, 7-5 என வீழ்த்தி நவ்ரத்திலோவா முதல் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றார். மூன்றாவது செட்டில் 2-4 எனப் பின்தங்கியிருந்து மீண்ட வெற்றி அது. அந்த ஜூலையில் உலகத் தரவரிசையில் முதலிடமும் வந்தது. அடுத்த ஆண்டு அதே களத்தில் எவர்ட்டை 6-4, 6-4 என வென்றபோது பார்வையாளர் வரிசையில் அவருடைய தாய் இருந்தார். நாடு துறந்தபின் மகளைக் காண அவருக்குக் கிடைத்த முதல் அனுமதி அது.

விம்பிள்டனின் புல்தரை அவர் ஆட்டத்துக்கு ஏற்ற தரை. புல்லில் பந்து தாழ்ந்து வேகமாக வழுக்கிச் செல்லும். நீண்ட நேரம் அடித்தாடுவதற்கு இடம் குறைவு. இடக்கையால் அடிக்கும் சர்வீஸ், இடப்புறக் கட்டத்தில் வலக்கை எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கமாக வளைந்து அவரைக் களத்துக்கு வெளியே இழுக்கும். திரும்பி வரும் பந்து வலையைத் தாண்டுவதற்குள் நவ்ரத்திலோவா வலையருகே நின்று அதைக் காலி இடத்தில் வெட்டிப் போட்டுவிடுவார். களிமண் தரையில் நிலைமை வேறு. அங்கே பந்து எழும்பி மெதுவாக வரும். எவர்ட் போலக் கடைக்கோட்டில் நின்று பிழையின்றி அடிப்பவருக்கே சாதகம்.

அந்த வேறுபாடு 1981 வசந்தத்தில் ஃபுளோரிடாவின் அமேலியா தீவில் அப்பட்டமாகத் தெரிந்தது. களிமண் தரையில் நடந்த இறுதியில் எவர்ட் 6-0, 6-0 என வென்றார். நவ்ரத்திலோவாவால் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை.

உடலையும் ஆட்டத்தையும் மாற்றிய பயிற்சி

அந்தக் காலகட்டத்தில்தான் கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மன் அவருடைய பயிற்சியில் நுழைந்தார். இயற்கையாக வந்த திறமையை நம்பி உழைப்பைக் குறைத்துக்கொண்டார் என்பதே நவ்ரத்திலோவாவைப் பற்றி லீபர்மனின் கணிப்பு. ஓட்டம், எடைப் பயிற்சி, கூடைப்பந்து என்று டென்னிஸுக்கு வெளியே உள்ள பயிற்சிகள் அன்றாட அட்டவணைக்குள் வந்தன. உணவியல் ஆலோசகர் ராபர்ட் ஹாஸ், கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டும் உணவுத் திட்டம் வகுத்தார். கண் அறுவை மருத்துவரும் முன்னாள் ஆட்டக்காரருமான ரெனே ரிச்சர்ட்ஸ் பயிற்சியாளராகி, பேக்ஹேண்டில் மேற்சுழற்சியைச் சேர்த்தார். ஒவ்வோர் எதிராளியின் ஆட்டத்தையும் கவனித்து உத்தி வகுத்துக் கொடுத்தார். 1983 நடுவில் அவருக்குப் பின் வந்த மைக் எஸ்டெப், வாய்ப்புக் கிடைத்த ஒவ்வொரு புள்ளியிலும் வலைக்கு ஏறும்படி தூண்டினார்.

அதுவரை பெண்கள் டென்னிஸில் பயிற்சி என்றால் பெரும்பாலும் களத்தில் பந்து அடிப்பதுதான். உடற்பயிற்சிக்கு ஒருவர், உணவுக்கு ஒருவர், உத்திக்கு ஒருவர் எனக் குழு அமைத்துக்கொள்ளும் வழக்கத்தை நடைமுறையில் நிலைநாட்டியவர் நவ்ரத்திலோவா. அவருடைய தசைத் திரட்சியைப் பெண்மைக்கு ஒவ்வாதது என்று எள்ளியவர்கள் இருந்தார்கள். ஆனால் தோற்ற எதிராளிகள் விரைவிலேயே உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகத் தொடங்கினர். எவர்ட்டும் எடைப் பயிற்சியை மேற்கொண்டார்.

1981 வேறு வகையிலும் திருப்பமான ஆண்டு. ஜூலை 21 அன்று அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். சில நாட்களில் அவருடைய தன்பாலின உறவு பற்றிய செய்தி நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை. அன்றைய சூழலில் அது விளம்பர ஒப்பந்தங்களை அவரிடமிருந்து தள்ளிவைத்தது. அந்த செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதியில் டிரேசி ஆஸ்டினிடம் 1-6, 7-6, 7-6 எனத் தோற்றார். கடைசிப் புள்ளி அவருடைய இரட்டைப் பிழையால் போனது. பரிசளிப்பின்போது அரங்கம் அவருக்காக எழுப்பிய நீண்ட கரவொலியில் அவர் உடைந்து அழுதார். ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலிய ஓபனில் எவர்ட்டை வென்று மூன்றாவது ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டத்தைப் பெற்றார்.

1982 முதல் 1984 வரை

புதிய பயிற்சியின் பலன் அடுத்த மூன்று ஆண்டுகளில் எண்களாகவே தெரிந்தது. 1982இல் ஆடிய 93 ஒற்றையர் ஆட்டங்களில் 90இல் வென்றார். களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை முதன்முறையாகக் கைப்பற்றினார். ஒரே ஆண்டில் 10 லட்சம் டாலருக்கு மேல் பரிசு ஈட்டிய முதல் பெண் விளையாட்டு வீரர் ஆனார். 1983இல் 86 வெற்றி, ஒரே தோல்வி. பிரெஞ்சு ஓபன் நான்காம் சுற்றில் 17 வயது கேதி ஹார்வத்திடம் கண்ட அந்தத் தோல்விக்குப் பிறகே ரிச்சர்ட்ஸுடனான பயிற்சி முடிவுக்கு வந்தது. 1984இல் 78 வெற்றி, 2 தோல்வி. மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் 254 வெற்றி, 6 தோல்வி.

நெடுநாள் கைக்கு எட்டாதிருந்த அமெரிக்க ஓபன் 1983இல் வந்தது. இறுதியில் எவர்ட் 6-1, 6-3 எனத் தோற்றார். 1983 விம்பிள்டனில் தொடங்கி 1984 அமெரிக்க ஓபன் வரை ஆறு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை நவ்ரத்திலோவா தொடர்ச்சியாக வென்றார். நான்கு பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்ததற்காக சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 10 லட்சம் டாலர் ஊக்கத்தொகை வழங்கியது. ஒரே காலண்டர் ஆண்டில் நான்கையும் வெல்வது மட்டும் நழுவிப்போனது. அன்று ஆஸ்திரேலிய ஓபன் ஆண்டின் கடைசிப் போட்டியாக, டிசம்பர் மாதத்தில் மெல்போர்னின் கூயாங் புல்தரையில் நடந்துவந்தது. 1984இல் மற்ற மூன்றையும் வென்று அங்கே போனவரை அரையிறுதியில் 19 வயது ஹெலெனா சுகோவா 1-6, 6-3, 7-5 என வென்றார். ஒற்றையரில் தொடர்ந்து வந்த 74 வெற்றிகளின் வரிசை அத்துடன் முடிந்தது. சுகோவாவும் செக்கோஸ்லோவாகியப் பெண்தான்.

எவர்ட்டுடனான எதிராட்டம்

நவ்ரத்திலோவாவும் எவர்ட்டும் 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினர். அவற்றில் 60 இறுதி ஆட்டங்கள்; 14 கிராண்ட் ஸ்லாம் இறுதிகள். மொத்தத்தில் நவ்ரத்திலோவா 43, எவர்ட் 37 வென்றனர். கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் 10-4 என நவ்ரத்திலோவா முன்னிலை பெற்றார். முதல் ஆண்டுகளில் எவர்ட்டின் கை ஓங்கியிருந்தது. 1982 இறுதி முதல் இரண்டாண்டுகள் அவர் நவ்ரத்திலோவாவிடம் தொடர்ந்து 13 ஆட்டங்களில் தோற்றார். 1985 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 6-3, 6-7, 7-5 என எவர்ட் வென்றது இந்த வரிசையின் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. 1986இலும் அங்கே அவரே வென்றார்.

ஒருவர் கடைக்கோட்டை விட்டு நகராதவர், மற்றவர் வலையை விட்டு விலகாதவர். ஒருவர் அமெரிக்கா தன் மகளாகக் கொண்டாடியவர், மற்றவர் அடைக்கலம் தேடி வந்தவர். இந்த எதிரெதிர்த் தன்மை பெண்கள் ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கொண்டுவந்தது. களத்துக்கு வெளியே இருவரும் நெருங்கிய தோழிகளாகவே தொடர்ந்தனர்.

இரட்டையர் ஆட்டம்

ஒற்றையரில் முதலிடத்தில் இருப்பவர்கள் இரட்டையரைத் தவிர்ப்பது பின்னாளில் வழக்கமானது. நவ்ரத்திலோவா இரண்டையும் ஒரே முனைப்புடன் ஆடினார். 1981 முதல் அமெரிக்காவின் பாம் ஷ்ரைவருடன் அமைத்த இணை 20 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றது. 1983 ஏப்ரல் முதல் 1985 ஜூலை வரை இந்த இணை 109 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது. 1985 விம்பிள்டன் இறுதியில் கேதி ஜோர்டன், லிஸ் ஸ்மைலி இணையிடம்தான் அந்த வரிசை அறுந்தது. 1984இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றனர். ஒற்றையரில் 332 வாரங்களும் இரட்டையரில் 237 வாரங்களும் நவ்ரத்திலோவா தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். இரண்டிலும் 200 வாரங்களைக் கடந்தவர் அவர் ஒருவரே.

பிராக்குக்கு மீண்டும்

1986இல் ஃபெடரேஷன் கோப்பை பிராக்கில், ஷ்ட்வானீட்சே தீவில் புதிதாகக் கட்டிய அரங்கில் நடந்தது. நாடு துறந்து 11 ஆண்டுகளுக்குப் பின் நவ்ரத்திலோவா அமெரிக்க அணியின் ஆட்டக்காரராகப் பிறந்த ஊருக்கு வந்தார். அரசு ஊடகங்கள் மறைத்துவந்த பெயரை ரசிகர்கள் மறக்கவில்லை. எதிரணிக்கு ஆடினாலும் அவரைக் கைதட்டி வரவேற்றனர். இறுதியில் அமெரிக்கா செக்கோஸ்லோவாகியாவை 3-0 என வென்றது. அவர் ஹனா மாண்ட்லிகோவாவைத் தோற்கடித்தார். அமெரிக்காவுக்காக 1982, 1986, 1989 ஆகிய ஆண்டுகளில் அவர் அந்தக் கோப்பையை வென்றார். இரு நாடுகளுக்காகவும் அதை வென்ற பெருமை இதனால் அவருக்குச் சேர்ந்தது.

கிராஃப் காலமும் ஒன்பதாவது விம்பிள்டனும்

மேற்கு ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃப் வடிவில் அடுத்த தலைமுறை வந்தது. 1986 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் மூன்று மேட்ச் பாயிண்ட்களைத் தடுத்து நவ்ரத்திலோவா தப்பினார். இறுதியில் சுகோவாவை வென்றார். 1987 பிரெஞ்சு ஓபன் இறுதியில் கிராஃப் மூன்றாம் செட்டை 8-6 என முடித்தார். அந்த ஆகஸ்டில் முதலிடமும் அவருக்குப் போனது. ஆயினும் அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியிலும் அமெரிக்க ஓபன் இறுதியிலும் கிராஃபை நவ்ரத்திலோவா வீழ்த்தினார். அந்த அமெரிக்க ஓபனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றும் அவருக்கே. 1982 முதல் 1987 வரை தொடர்ந்து ஆறு முறை விம்பிள்டனை வென்றிருந்த அவரை 1988, 1989 இறுதிகளில் கிராஃப் மூன்று செட்களில் தோற்கடித்தார். இருவரும் மோதிய 18 ஆட்டங்களில் ஆளுக்கு ஒன்பது வெற்றி.

எட்டு விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்கள் என்பது 1938இல் ஹெலன் வில்ஸ் மூடி வைத்த சாதனை. 1987இல் நவ்ரத்திலோவா அதைச் சமன் செய்திருந்தார். அதைக் கடப்பதற்காகவே பில்லி ஜீன் கிங்கின் துணையுடன் ஆட்டத்தை மீண்டும் கட்டினார். 1990இல், 33 வயதில், இறுதியில் ஜீனா கேரிசனை 6-4, 6-1 என வென்று ஒன்பதாவது பட்டம் பெற்றார். அதுவே அவருடைய கடைசி ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம். 1991 அமெரிக்க ஓபன் இறுதியில் மோனிகா செலஸிடமும், 1994 விம்பிள்டன் இறுதியில் ஸ்பெயினின் கொன்சித்தா மார்ட்டினெஸிடமும் தோற்றார். 1994 நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கேப்ரியேலா சபாத்தினியிடம் தோற்றதுடன் ஒற்றையர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மறுவருகையும் இறுதி ஓய்வும்

2000இல் சர்வதேச டென்னிஸ் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற அதே ஆண்டு அவர் இரட்டையர் ஆட்டத்துக்குத் திரும்பினார். இந்த இரண்டாம் கட்டத்தில் அவருக்குப் பெரிய வெற்றிகளைத் தந்த இணை இந்தியாவின் லியாண்டர் பயஸ். கொல்கத்தாவில் பிறந்த பயஸ், சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தினர் நடத்திய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக்கூடத்தில் உருவானவர். அவரும் வலையோர ஆட்டத்தில் தேர்ந்தவர். 2003இல் இருவரும் ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையரை வென்றனர். நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்று பிரிவுப் பட்டங்களையும் வென்ற மிகச் சிலரில் ஒருவராக நவ்ரத்திலோவா ஆனது அந்த வெற்றியால்தான். அதே ஆண்டு விம்பிள்டனையும் வென்றனர். அது விம்பிள்டனில் அவருடைய 20ஆவது பட்டம். பில்லி ஜீன் கிங்கின் எண்ணிக்கைக்குச் சமம்.

2004 விம்பிள்டனில் ஒற்றையரிலும் இறங்கினார். 47 வயதில் கொலம்பியாவின் கத்தலினா கஸ்தானோவை 6-0, 6-1 என வென்றார். அந்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் லிசா ரேமண்டுடன் இரட்டையர் ஆடினார். அவர் பங்கேற்ற ஒரே ஒலிம்பிக் அது. 2006 அமெரிக்க ஓபனில் பாப் பிரையனுடன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்று ஓய்வு பெற்றார். 50 வயது நிறைய அப்போது ஒரு மாதத்துக்குச் சற்றே அதிகமான காலம் இருந்தது.

ஒற்றையரில் 18, பெண்கள் இரட்டையரில் 31, கலப்பு இரட்டையரில் 10 என மொத்தம் 59 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் அவருடையவை. மார்கரெட் கோர்ட்டின் 64 பட்டங்கள் மட்டுமே இதற்கு மேல். அவற்றில் பல 1968இல் தொடங்கிய ஓபன் காலத்துக்கு முந்தியவை.

ஓய்வுக்குப் பின்

ஓய்வுக்குப் பிறகு நவ்ரத்திலோவா தொலைக்காட்சி வர்ணனையாளராகப் பணியாற்றினார். தன்பாலினத்தாரின் உரிமைகளுக்காகவும் பேசிவந்தார். 2008இல் செக் குடியுரிமை அவருக்கு மீண்டும் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமையும் தொடர்ந்தது. 2010இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். 2014இல் ஜூலியா லெமிகோவாவை மணந்தார். 2023 தொடக்கத்தில் தொண்டையிலும் மார்பகத்திலும் புற்றுநோய் இருப்பதாக அறிவித்து, சிகிச்சைக்குப் பின் அந்த ஆண்டிலேயே நோய் நீங்கியதாகத் தெரிவித்தார்.

பெண்கள் டென்னிஸில் அவர் விட்டுச் சென்றவற்றில் சில தொடர்ந்தன, சில மறைந்தன. சர்வீஸ் செய்தவுடன் வலைக்கு ஓடும் ஆட்ட முறை மறைந்தவற்றில் ஒன்று. ஆஸ்திரேலிய ஓபன் 1988இல் புல்லிலிருந்து கடினத் தரைக்கு மாறியது. புதிய மட்டைகள் கடைக்கோட்டிலிருந்து அடிப்பவருக்கு வேகத்தைத் தந்தன. அவருக்குப் பின் அந்த முறையை முழுமையாக ஆடிப் பெருவெற்றி கண்டவர்கள் மிகக் குறைவு. பயிற்சி முறை தொடர்ந்தவற்றில் முதன்மையானது. எடைப் பயிற்சியும் திட்டமிட்ட உணவும் உடன் பயணிக்கும் பயிற்சிக் குழுவும் இன்று உலகச் சுற்றில் ஆடும் பெண்களுக்கு அடிப்படைத் தேவைகளாகிவிட்டன. முப்பது வயதுக்கு மேலும் முன்னணியில் நிற்க முடியும் என்பதற்கும் அவருடைய 1990 விம்பிள்டன் வெற்றி ஒரு முன்மாதிரி ஆனது.